பெட்டி இருக்கிறது, திறக்கத் தெரியுமா?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தைப்பூச நாளன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறும் ஒருவர் பாதி வழியில் மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? பக்கத்தில் நிற்பவர் கை காட்டுவார். தொண்டர்கள் ஓடி வருவார்கள். கீழே முதலுதவிக் கூடாரம் இருக்கிறது, பிராணவாயு இருக்கிறது, அம்புலன்ஸ் நிற்கிறது. இலட்சக்கணக்கில் மக்கள் கூடும் இடத்தில் யாராவது விழுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த நாள் என்பதும் தெரியும். தெரிந்த ஆபத்துக்குத் தயாராவது எளிது.

அதே மனிதர் தைப்பூசம் முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டுக்குப் பக்கத்துக் கடைவீட்டுக் கிளினிக்கில் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சை ஏதோ அடைப்பது போல் இருக்கிறது. வாயுத் தொல்லை என்று நினைத்துத்தான் வந்தார். எண்ணை அழைக்கும் முன்பே நாற்காலியிலிருந்து சரிகிறார். இங்கே கூடாரம் இல்லை, தொண்டர் படை இல்லை. ஒரு மருத்துவர், இரண்டு உதவியாளர்கள், காத்திருக்கும் ஐந்தாறு நோயாளிகள். அவ்வளவுதான்.

அடுத்த பத்து நிமிடம் அங்கே என்ன நடக்கும்? அந்த ஒரு கேள்விதான் இன்றைய உரை.

முதலில் தட்டுவது பக்கத்துக் கதவைத்தான்

ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு டிரஸரைத் தெரியும். பால்மரத்துக்குப் போனவரைப் பாம்பு கடித்தாலும், குழந்தைக்கு வலிப்பு வந்தாலும், முதலில் ஓடியது தோட்ட மருந்தகத்துக்குத்தான். டிரஸர் மருத்துவர் அல்லர். ஆனால் பெரிய மருத்துவமனை பல மைல் தூரத்தில் இருந்ததால், வண்டி வரும் வரை உயிரைப் பிடித்து வைப்பது தன் வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று தோட்டங்கள் போய்விட்டன. அந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் காப்பாரிலும் இருக்கிறார்கள். பத்துமலைக்குச் சில கிலோமீட்டர் தள்ளி 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை இருக்கிறது. கோலாலம்பூரில் பெரிய மருத்துவமனையும், கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் இருக்கின்றன. தூரம் குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மாலை ஆறு மணிக்கு ஜாலான் கூச்சிங்கிலோ கூட்டரசு நெடுஞ்சாலையிலோ சிக்கியவருக்குத் தெரியும், தூரம் வேறு, நேரம் வேறு. தோட்டத்து நாளில் மைல் கணக்கில் இருந்த இடைவெளி இன்று நிமிடக் கணக்கில் இருக்கிறது. அந்த இடைவெளியில் நிற்பவர் பக்கத்துக் கிளினிக் மருத்துவர்.

இது யாருக்கோ நேரும் கதையும் அல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது மூன்று பேரில் ஏறத்தாழ ஒருவர். 2020-இல் மருத்துவச் சான்றுடன் பதிவான மரணங்களில் 17 விழுக்காட்டுக்குக் காரணம் இதய இரத்தக் குழாய் நோய். இனிப்பு நீரும் இதய நோயும் கைகோத்து நடப்பவை. ஆகவே இந்தியர்கள் அதிகம் வாழும் வட்டாரத்துக் கிளினிக்கில் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிவது அபூர்வமாக இருக்கலாம். எதிர்பாராததாக இருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1998-இல். விதிமுறைகளோடு நடைமுறைக்கு வந்தது 2006 மே முதல் தேதி. அச்சட்டத்தின் 38-ஆவது பிரிவு, எந்தத் தனியார் மருத்துவ வசதியும், அது சிறிய கிளினிக்காக இருந்தாலும், தேவைப்படும் எவருக்கும் உயிர்காக்கும் அடிப்படை நடவடிக்கைகளை எப்போதும் எடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ‘எப்போதும்’. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் அல்ல. இரண்டு, ‘எடுக்கக்கூடிய நிலையில்’. கருவி வைத்திருக்க வேண்டும் என்பதோடு சட்டம் நிற்கவில்லை, செய்யும் ஆற்றல் வேண்டும் என்கிறது. அலமாரியில் பெட்டி இருப்பது ஒன்று. அதைத் திறந்து சரியான பொருளைச் சரியான நிமிடத்தில் எடுக்கத் தெரிந்த கை இருப்பது இன்னொன்று. முதலாவதைக் காசு கொடுத்து ஒரே நாளில் வாங்கிவிடலாம். இரண்டாவதை வாங்க முடியாது, பழகத்தான் வேண்டும்.

மரண ரயிலிலிருந்து மீண்ட மருத்துவர்

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. மாரடைப்பு என்பது குழாய் அடைத்துக்கொள்வது. இதயம் துடித்துக்கொண்டிருக்கும், மனிதர் பேசுவார், வியர்ப்பார், வலிக்கிறது என்பார். இதயம் நின்றுபோவது என்பது பெரும்பாலும் அதன் மின்சாரம் தாறுமாறாவது. இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். இரத்தம் ஓடாது. சில நொடிகளில் நினைவு தப்பும். நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். முதலாவது எந்த நேரத்திலும் இரண்டாவதாக மாறலாம் என்பதுதான் ஆபத்து.

இதயத்தின் இந்த நடுக்கத்தை நிறுத்த மின்னதிர்ச்சி வேண்டும். அந்தக் கருவி ஒரு காலத்தில் மருத்துவமனைச் சுவருக்குள் மட்டுமே இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். அவர் கதைக்கும் மலாயாத் தமிழர் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது இராணுவ மருத்துவராக இருந்த பான்ட்ரிட்ஜ் ஜப்பானியரிடம் கைதியானார். சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுப் பல்லாயிரம் தமிழர்கள் மாண்ட அதே பாதை. உயிட்டச்சத்துப் பற்றாக்குறையால் இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய் அவருக்கும் வந்தது. எலும்பும் தோலுமாக ஊர் திரும்பியவர், பிறகு இதய மருத்துவர் ஆனார்.

அவர் கவனித்தது எளிய உண்மை. மாரடைப்பில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வாசலை எட்டும் முன்பே இறக்கிறார்கள். நோயாளி வரும்வரை கருவி உள்ளே காத்திருந்தால் என்ன பயன்? 1965-இல் கார் மின்கலங்களைக் கொண்டு இயங்கும் ஒரு கருவியைச் செய்து அம்புலன்ஸில் ஏற்றினார். எடை சுமார் 70 கிலோ! சில ஆண்டுகளில் அது மூன்று கிலோ அளவுக்குச் சுருங்கியது. தீயணைப்புக் கருவி மாட்டியிருக்கும் இடமெல்லாம் இதுவும் இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார்.

இன்று அதன் வாரிசுதான் ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி இதய மின்னதிர்ச்சிக் கருவி. ஒரு சிறு கைப்பெட்டி அளவுதான். மூடியைத் திறந்து விசையைப் போட்டால் அதுவே பேசும். இரண்டு ஒட்டிகளை நெஞ்சில் ஒட்டச் சொல்லும். இதயத்தின் ஓட்டத்தைத் தானே படித்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று சொல்லும். தேவையில்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. சிங்கப்பூரில் 2015-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கிக் கூடங்களிலேயே இதை மாட்டி வைத்தார்கள். மாடிப்படி ஓரத்தில் இருக்கக்கூடிய கருவி, மருத்துவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இல்லை என்றால் அது நியாயமா?

கணக்கு இதுதான். நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும். அம்புலன்ஸ் வரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றால், ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதன் பொருள் என்ன என்று நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்?

கிளினிக்கில் வரும் அவசரங்கள் ஆயிரம் வகை அல்ல. திரும்பத் திரும்ப வருபவை சில. அவற்றை வைத்தே பெட்டியை அடுக்கலாம்.

முதலாவது மூச்சும் இதயமும். பிராணவாயு உருளை, பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனி முகமூடி, கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் பை, நாக்கு பின்னால் விழாமல் காக்கும் குழாய்கள், சளியையும் வாந்தியையும் உறிஞ்சும் கருவி. இவற்றோடு ஏ.இ.டி. நெஞ்சு வலியோடு வருபவருக்கு, ஒவ்வாமை இல்லையென்றால், மென்று விழுங்க 300 மில்லிகிராம் ஆஸ்பிரின். ஆடம்பரமான மருந்து எதுவும் இல்லை.

இரண்டாவது கடும் ஒவ்வாமை. ஊசி போட்ட சில நிமிடத்தில், அல்லது இறால் தின்று ஒரு மணி நேரத்துக்குள், உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, இரத்த அழுத்தம் சரியும். இங்கே முதல் மருந்து அட்ரினலின். பெரியவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடியும். மற்ற ஒவ்வாமை மருந்துகளும் ஸ்டெராய்டும் அதற்குப் பின்னால்தான். 2021-இல் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களைக் கால் மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தது நினைவிருக்கும். அந்தக் காத்திருப்பு இந்த ஆபத்துக்காகத்தான். அன்று தடுப்பூசி போட்ட தனியார் கிளினிக்குகள் அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தன. தடுப்பூசிக் காலம் முடிந்ததும் அந்தப் பழக்கமும் முடிந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது சர்க்கரை சட்டென்று இறங்குவது. இது நம் சமூகத்துக்கு மிக நெருக்கமானது. மாலை போட்டு விரதம் இருப்பவர் ஒரு வேளைதான் சாப்பிடுகிறார். ஆனால் கிளிக்லசைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொள்கிறார். உடல் நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். பார்ப்பவர் பக்தி என்பார், களைப்பு என்பார். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் உண்மை தெரியும். 4 மில்லிமோலுக்குக் கீழே என்றால் ஆபத்து. நினைவோடு இருந்தால் 15 கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதனை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவருக்கு நரம்பு வழியாகக் குளுக்கோஸ், அல்லது குளுக்ககோன் ஊசி. ஆகவே விரதம் தொடங்கும் முன் மருத்துவரிடம் போய் மாத்திரை அளவை மாற்றிக்கொள்வதும் ஒரு முன்னேற்பாடுதான்.

நான்காவது ஆஸ்துமா. சால்பியூட்டமால், அதைச் செலுத்த நெபுலைசர் அல்லது மூச்சுக் குழல், கூடவே பிராணவாயு. ஐந்தாவது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு. அதற்கான மருந்து கட்டுப்பாட்டுக்குரியது என்பதால் பூட்டித்தான் வைக்க வேண்டும். ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டி ஏமாற்றும் இடங்கள்

இதெல்லாம் எங்களிடம் இருக்கிறதே என்று பல மருத்துவர்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் ஆண்டுக் கணக்கில் திறக்கப்படாத பெட்டி எப்படியெல்லாம் கைவிடும் என்று பாருங்கள்.

பிராணவாயு உருளை மூலையில் நிற்கும். அதைத் திறக்கும் சாவியைக் காணோம். சாவி கிடைத்தால் முள் சிவப்புக் கோட்டில் நிற்கிறது. 680 லிட்டர் கொள்ளும் ஓர் உருளை முழுதாக இருந்தால், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். முள் கால் பங்கில் நின்றால் 17 நிமிடம்தான். உருளை இருக்கிறதா என்று கேட்பதை விட, அது எத்தனை நிமிடம் தாங்கும் என்று கேட்பதே சரி.

ஏ.இ.டி. கருவியின் ஒட்டிகளில் ஈரப்பசை இருக்கும். காலம் கடந்தால் அது காய்ந்து, நெஞ்சில் ஒட்டாது. மின்கலத்துக்கும் ஆயுள் உண்டு. அட்ரினலின் வெளிச்சத்தையும் சூட்டையும் தாங்காத மருந்து. பகலில் குளிர்சாதனம் ஓடும் அறை, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கதவடைத்த அடுப்பாகிவிடும். குளுக்கோமீட்டர் வேலை செய்யும், சோதனைப் பட்டைகள் காலாவதியாகியிருக்கும். தொண்டைக்குள் பார்க்கும் கருவியில் விளக்கு எரியாது. குழந்தைக்கான முகமூடியை யாரோ நெபுலைசருக்காக எடுத்துப் போய்த் திரும்ப வைத்திருக்க மாட்டார்கள்.

இவற்றில் எதுவும் பெரிய தவறு இல்லை. எல்லாம் சின்னச் சின்ன மறதி. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் சின்ன மறதி என்று ஒன்று கிடையாது.

மருந்தும் எளிது. வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். முள், விளக்கு, காலாவதித் தேதி, எண்ணிக்கை. பார்த்தவர் தேதி போட்டுக் கையெழுத்து இட வேண்டும். பிறகு எளிதில் அறுக்கக்கூடிய ஒரு முத்திரைப் பட்டையால் மூட வேண்டும். பட்டை அறுந்திருந்தால் யாரோ எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்த உடனே தெரியும். மொத்தம் பத்து நிமிட வேலை.

மூன்று பேர், மூன்று வேலை

கருவி சரி. ஆள்? அவசரத்தில் எல்லாரும் ஒரே வேலையைச் செய்யப் போவார்கள், அல்லது எல்லாரும் மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதை மாற்ற, விழுந்த பிறகு வேலையைப் பிரிக்கக் கூடாது, முன்பே பிரித்து வைக்க வேண்டும்.

முதல் ஆள் நெஞ்சை அழுத்துவார். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். இதை முகப்பில் உட்கார்ந்து எண் கொடுக்கும் உதவியாளரும் செய்யலாம். அவர் கை அழுத்தினால் மருத்துவரின் தலை யோசிக்க முடியும்.

இரண்டாவது ஆள் 999-ஐ அழைத்து, பெட்டியையும் ஏ.இ.டி. கருவியையும் கொண்டு வருவார். 2007 முதல் போலீஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண்தான். பதற்றத்தில் தினமும் வேலை செய்யும் இடத்தின் முகவரியே மறந்துபோகும். ‘கோயிலுக்கு எதிரே’ என்றால் எந்தக் கோயில்? ஆகவே கிளினிக்கின் முழு முகவரி, மாடி எண், பக்கத்து அடையாளம், எந்தச் சாலை வழியாக வர வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டி வைக்க வேண்டும். தைப்பூச வாரத்தில் பத்துமலைப் பக்கம் சாலைகள் மூடப்படும்போது மாற்று வழியையும் எழுத வேண்டும்.

மூன்றாவது ஆள் தெருமுனையில் நின்று அம்புலன்ஸுக்கு வழிகாட்டுவார். இது காத்திருக்கும் நோயாளிகளில் ஒருவராகவும் இருக்கலாம். வாசலை மறித்து இரட்டை வரிசையில் நிற்கும் காரை எடுக்கச் சொல்வதும் அவர் வேலை.

நடப்பதையெல்லாம் நேரம் போட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். எப்போது விழுந்தார், எப்போது மருந்து கொடுத்தது, எத்தனை முறை மின்னதிர்ச்சி. அந்தத் தாள் நோயாளியோடு மருத்துவமனைக்குப் போனால் அங்குள்ளவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கிளினிக் சாத்திய பிறகு, ஒரு தலையணையைத் தரையில் போட்டு இதைப் பழகிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் போதும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மருந்து அலமாரியைக் காட்டும் நாளிலேயே இதையும் காட்ட வேண்டும்.

செலவு யார் தலையில்?

மருத்துவர்கள் பக்கமும் பேச வேண்டும். 2006-ஆம் ஆண்டு விதிமுறைகளில் பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 வெள்ளி வரை என்று வரையறுக்கப்பட்டது. அது பல ஆண்டுகள் அப்படியே நின்றது. வாடகையும் சம்பளமும் மருந்து விலையும் நிற்கவில்லை. தனியாளாகக் கிளினிக் நடத்தும் மருத்துவர், ஆண்டில் ஒரு முறைகூடப் பயன்படாத கருவிக்குச் சில ஆயிரம் வெள்ளி போடத் தயங்குவதில் வியப்பில்லை.

ஆனால் முழுப் பெட்டியிலும் விலை கூடியது அந்த ஏ.இ.டி. ஒன்றுதான். கடும் ஒவ்வாமையில் உயிர் காக்கும் அட்ரினலின் குப்பி சில வெள்ளிதான். சர்க்கரைக்கு என்ன விலை? நெஞ்சை அழுத்தும் கைக்கு விலையே இல்லை. ஒரே கடைவீட்டு வரிசையில் கிளினிக், பல் மருத்துவர், மருந்துக் கடை, டியூஷன் மையம் என்று பல பேர் இருக்கும் இடத்தில், எல்லாரும் பங்கு போட்டு ஓர் ஏ.இ.டி. வாங்கிப் பொது இடத்தில் மாட்டலாம். கோயில் நிருவாகமும் வட்டாரச் சங்கங்களும் திருவிழாவுக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் அதுவும் திருப்பணிதான்.

மக்கள் செய்ய வேண்டியது

எல்லாப் பொறுப்பையும் மருத்துவர் தலையில் கட்டிவிட்டுப் போவது நியாயம் அல்ல. நெஞ்சு வலி வந்தால் சோடா குடிப்பது, தைலம் தேய்ப்பது, ‘காற்றுப் பிடித்திருக்கிறது, விடிந்தால் சரியாகும்’ என்று படுப்பது, இவற்றில் போகும் நேரத்தை எந்தக் கருவியும் திருப்பித் தராது. நெஞ்சு அடைத்து, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் கிளினிக்கில் எண் வாங்கிக் காத்திருக்க வேண்டாம். வீட்டிலிருந்தே 999-ஐ அழையுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம் என்பதை மறக்க வேண்டாம். திடீர் மூச்சுத் திணறலும் காரணமில்லாத வியர்வையும் அவர்களுக்கு எச்சரிக்கை மணி.

எப்படியோ கிளினிக்குக்கு வந்துவிட்டீர்கள் என்றால், ‘நெஞ்சு வலி’ என்று முகப்பிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் உடம்பு சரியில்லை’ என்று சொன்னால் உங்கள் எண் வரும்போதுதான் அழைப்பார்கள். அதேபோல, முன்னால் இருப்பவரை விட்டுப் பின்னால் வந்தவரை உள்ளே கூப்பிட்டால் முகம் சுளிக்காதீர்கள். வரிசை உயிருக்குப் பிறகுதான்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையும் இரும்பையும் திணிக்க வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்து, தலை மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். மயங்கியவர் வாயில் காப்பி ஊற்ற வேண்டாம். ஒவ்வாமையில் தலை சுற்றுபவரை எழுந்து நடக்க விட வேண்டாம். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரலாம், இல்லாவிட்டால் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள்.

இன்னொன்று. உங்கள் குடும்ப மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். ‘டாக்டர், இங்கே யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்?’ நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். பெட்டியைக் காட்டுவார். ஒரு வேளை அன்று மாலையே அதைத் திறந்தும் பார்ப்பார். நூறு சுற்றறிக்கை செய்யாத வேலையை, நோயாளி கேட்கும் ஒரு கேள்வி செய்துவிடும்.

பத்துமலைப் படி ஏறுபவர் கடைசிப் படிக்கு மட்டும் தயாராகி வருவதில்லை. 48 நாள் விரதம் இருந்து, உடலையும் மனத்தையும் பழக்கிக்கொண்டு வருகிறார். காவடி எடுப்பது ஒரு நாள், அதற்கான பழக்கம் பல நாள். கிளினிக்கில் உயிர் காப்பதும் அப்படித்தான். அந்தப் பத்து நிமிடம் எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லா நாளும் பழகியிருக்க வேண்டும்.

நாளை திங்கட்கிழமை. கிளினிக் கதவு திறந்ததும் அந்தப் பெட்டியையும் யாராவது திறக்கட்டும்.